கல்யாணப் பையில் முகம் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிவது ஏன்? ஸ்கிரீன் பிரிண்டிங்கில் 'மோயரே' வராமல் தடுப்பது எப்படி?

சிவகாசியில் அச்சடித்து வந்த கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் படம் பளிச்சென்று இருக்கிறது. அதே படத்தைத் திருநெல்வேலியில் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் கொடுத்து, தாம்பூலப் பையில் போடச் சொல்கிறார்கள். பை வந்ததும் பார்த்தால் பெயர், தேதி, மண்டபம் எல்லாம் சரியாக இருக்கிறது. முகத்தில் மட்டும் கட்டம் கட்டமாக, அலை அலையாகக் கோடுகள். "என்ன அண்ணாச்சி, மூஞ்சில கொசுவலை போட்ட மாதிரி இருக்கு?" என்று வீட்டார் கேட்க, "துணி அப்படி, மை அப்படி" என்று கடைக்காரர் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டியதாகிறது.

உண்மையில் இது மையின் குற்றமும் இல்லை, அடித்த தொழிலாளியின் கைக்குற்றமும் இல்லை. அச்சுத் தொழிலில் இதற்கு 'மோயரே' என்று பெயர். முழுக்க முழுக்க ஒரு கணக்குப் பிழை. மூன்று எண்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் வராது. தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால், அடிக்கும்போது என்ன செய்தாலும் போகாது. அந்த எண்கள் எவை, எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

இப்போது ஏன் இது முக்கியம்?

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கான தடை 2019 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பர் 23-ல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். துணிப்பையில் முன்பு கடைப் பெயரும் போன் நம்பரும் இருந்தால் போதும். இப்போது நெல்லையப்பர் கோயில் கோபுரம் வேண்டும், மணமக்கள் படம் வேண்டும், மறைந்த தாத்தாவின் படம் வேண்டும் என்று கேட்கிறார்கள். கோயில் கொடைக்கு ஊர் இளைஞர்கள் போடும் டி-ஷர்ட், குலசை தசரா குழுவின் டி-ஷர்ட் என எல்லாவற்றிலும் படம் வேண்டும்.

எழுத்தும் கோட்டுப் படமும் அடிக்கும்வரை மோயரே என்ற பேச்சே இல்லை. புகைப்படம் வந்த பிறகுதான் பிரச்சினை. 300 பை அடித்து முடித்த பிறகு கண்ணில் பட்டால், துணியில் ஏறிய மையை எடுக்க முடியாது. முகூர்த்தத் தேதியையும் தள்ளி வைக்க முடியாது. நஷ்டம் சிறிய கடைக்குத்தான்.

மோயரே என்றால் என்ன?

வீட்டில் கொசுவலை இருந்தால் இப்போதே பார்க்கலாம். வலையை இரண்டாக மடித்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, மேல் மடிப்பை லேசாகத் திருப்புங்கள். வலையில் இல்லாத பெரிய அலைகளும் கட்டங்களும் திடீரென்று தோன்றி, நகர்ந்து, மறையும். சீரான இடைவெளி உள்ள இரண்டு வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது மூன்றாவதாக ஒரு வடிவம் தோன்றுகிறதே, அதுதான் மோயரே.

டிவி பார்ப்பவர்களுக்கும் இது புதிதல்ல. செய்தி வாசிப்பவர்கள் மிக நெருக்கமான கோடு போட்ட சட்டையையும், சிறிய கட்டம் போட்ட சட்டையையும் தவிர்ப்பதற்குக் காரணம் இதுதான். கேமராவுக்குள் இருக்கும் பிக்சல் வரிசையும் சட்டையின் கோடும் மோதி, திரையில் வானவில் போல நெளியும். டிவி திரையை செல்போனில் படம் எடுத்தால் வரும் அலைக்கோடுகளும் அதே குடும்பம்தான்.

'மோயரே' பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். அங்கே அது ஒரு பட்டுத் துணியின் பெயர். வரி வரியாக நெய்த பட்டை இரட்டையாக மடித்து உருளையில் அழுத்தினால், தண்ணீர் அலை போல ஒரு பளபளப்பு வரும். பட்டில் அதை அழகு என்று காசு கொடுத்து வாங்கினார்கள். அச்சில் வந்தால் அதே அலைக்குப் பெயர் பிழை. 1874-ல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு, மிக நுண்ணிய கோடுகள் கீறிய கண்ணாடித் தகடுகளின் தரத்தைச் சோதிக்க இந்த அலையையே பயன்படுத்தலாம் என்று காட்டினார். இரண்டு வடிவங்களுக்கு இடையே உள்ள மிகச் சிறிய வித்தியாசத்தைக்கூட மோயரே பெரிதாக்கிக் காட்டிவிடும். அச்சுக்கடைக்குத் தலைவலி தருவதும் அதே குணம்தான்.

படத்துக்குள் புள்ளி எங்கிருந்து வந்தது?

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரு மையை ஒன்று வைக்கலாம், இல்லை வைக்காமல் விடலாம். பாதிக் கருப்பு, கால் கருப்பு என்று வைக்க முடியாது. ஆனால் முகத்தில் வெளிச்சம், நிழல், இடைப்பட்ட சாம்பல் எல்லாம் உண்டு. அதைக் காட்ட படத்தைப் புள்ளிகளாக உடைக்கிறார்கள். நிழல் இருக்கும் இடத்தில் பெரிய புள்ளி, வெளிச்சம் இருக்கும் இடத்தில் சிறிய புள்ளி. தூரத்திலிருந்து பார்க்கும் கண் அதைச் சாம்பல் என்று எடுத்துக்கொள்கிறது. இதுதான் ஹாஃப்டோன்.

புள்ளிகளின் அளவு மாறினாலும் இடைவெளி மாறாது. ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி வரிசை என்பதை எல்.பி.ஐ. என்கிறோம். ஆஃப்செட்டில் வழவழப்பான தாளுக்கு 150 அல்லது 175 எல்.பி.ஐ. சகஜம். துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் 35 முதல் 65 வரைதான்.

இனி மெஷ். 'போல்ட்டிங் துணி' என்று கடைகளில் சொல்வது இதைத்தான். ஒரு காலத்தில் மாவு ஆலைகளில் மாவு சலிக்க நெய்த பட்டுத் துணி அது. 1907-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன், பட்டுத் துணி வழியாக அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பட்டு போய் பாலியஸ்டர், நைலான் வந்துவிட்டது. ஆனால் அது இன்னமும் நெய்த துணிதான். பாவும் ஊடையும் சீரான இடைவெளியில் ஓடும் சல்லடை.

ஆக, ஒரு பக்கம் சீரான புள்ளி வரிசை. இன்னொரு பக்கம் சீரான நூல் வரிசை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று. கொசுவலையை இரண்டாக மடித்த கதைதான்.

எங்கெல்லாம் மோதல் வரும்?

நான்கு இடங்களில் வரலாம். எந்த இடத்தில் வந்தது என்று தெரிந்தால்தான் சரியான வைத்தியம் செய்ய முடியும்.

1. புள்ளியும் மெஷ் நூலும் மோதுவது. ஒரே ஒரு கலர் அடித்தாலும் வரும். பெரும்பாலான கடைகளில் வருவது இதுதான்.

2. ஒரு கலரின் புள்ளியும் இன்னொரு கலரின் புள்ளியும் மோதுவது. நான்கு கலர் வேலையில் வரும்.

3. புள்ளியும், அடிக்கப்படும் துணியின் நெசவும் மோதுவது. கெட்டியான பருத்திப் பையில் வரும்.

4. வாடிக்கையாளர் கொண்டுவந்த படத்திலேயே ஏற்கெனவே புள்ளி இருப்பது. பத்திரிகையையோ நாளிதழில் வந்த அஞ்சலி விளம்பரத்தையோ ஸ்கேன் செய்தால் வரும்.

கணக்கு எப்படி வேலை செய்கிறது?

பயப்பட வேண்டாம், கழித்தல் தெரிந்தால் போதும். ஒரே திசையில் ஓடும் இரண்டு வரிசைகள். ஒன்று அங்குலத்துக்கு 50, மற்றொன்று 52. வித்தியாசம் 2. அங்குலத்துக்கு 2 பட்டைகள் தோன்றும். அதாவது அரை அங்குலத்துக்கு ஒரு பட்டை. முகத்தில் பளிச்சென்று தெரியும். வித்தியாசம் 30 என்றால் அங்குலத்துக்கு 30 பட்டைகள். அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் கண் கண்டுகொள்ளாது. மோயரேவை முழுசாக ஒழிப்பது நம் வேலை அல்ல. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதாக்கிவிடுவதுதான் வேலை.

கோணத்துக்கும் இதே நியாயம்தான். 50 எல்.பி.ஐ. உள்ள இரண்டு புள்ளி வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒன்றை மட்டும் திருப்பினால் பட்டையின் அகலம் இப்படி மாறும்:

1 டிகிரி திருப்பினால் சுமார் 29 மில்லிமீட்டர்.
5 டிகிரி திருப்பினால் சுமார் 6 மில்லிமீட்டர்.
15 டிகிரி திருப்பினால் சுமார் 2 மில்லிமீட்டர்.
30 டிகிரி திருப்பினால் சுமார் 1 மில்லிமீட்டர்.

ஒரு டிகிரி தப்பினால் ஓர் அங்குலத்துக்கும் மேலான பட்டை. முப்பது டிகிரி விலகினால் ஒரு மில்லிமீட்டர் பொடி வடிவம். ஃபிலிமை 'ஏறக்குறைய நேராக' ஒட்டினால் போதும் என்று நினைப்பது எவ்வளவு ஆபத்து என்பது இதில் புரியும்.

முதல் எண்: மெஷ்

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். எல்.பி.ஐ. அங்குலக் கணக்கு. 77 டி, 90 டி, 120 டி என்று மெஷ்ஷுக்குச் சொல்வது சென்டிமீட்டர் கணக்கு. இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. மெஷ் எண்ணை 2.54-ஆல் பெருக்கினால் அங்குலக் கணக்கு வரும்.

77 டி என்றால் அங்குலத்துக்கு சுமார் 195 நூல்.
90 டி என்றால் சுமார் 229 நூல்.
120 டி என்றால் சுமார் 305 நூல்.

பொதுவான விதி, அங்குலக் கணக்கில் மெஷ் நூல் எண்ணிக்கை எல்.பி.ஐ.யைப்போல் குறைந்தது நாலரை மடங்கு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் புள்ளியைத் தாங்கிப் பிடிக்கப் போதுமான நூல் இருக்காது. புள்ளியின் ஓரம் பல் பல்லாக உடைந்து, அந்த உடைசல்களே வரிசை கட்டி மோயரே ஆகும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மெஷ் எண்ணை எல்.பி.ஐ.யால் வகுத்தால் முழு எண்ணுக்கு மிக அருகில் வரக் கூடாது. அரைக்குப் பக்கத்தில் வந்தால் நல்லது. ஏன்? 200 நூல் மெஷ்ஷில் 51 எல்.பி.ஐ. புள்ளி நேராக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 51-ஐ நான்கால் பெருக்கினால் 204. 200-க்கும் 204-க்கும் வித்தியாசம் 4. அங்குலத்துக்கு 4 பட்டை, அதாவது கால் அங்குலத்துக்கு ஒன்று. 'சரியாக 50 வைத்தால் வித்தியாசமே இல்லையே?' என்று கேட்கலாம். மெஷ்ஷை இழுத்துக் கட்டியதும் நூல் எண்ணிக்கை லேசாகக் குறைந்துவிடும். உடனே அகலமான பட்டை வந்து நிற்கும்.

இதன்படி பார்த்தால் 77 டி மெஷ்ஷுக்கு 35 எல்.பி.ஐ., 90 டி-க்கு 42 அல்லது 50, 120 டி-க்கு 55 பொருந்தும். 90 டி-க்கு 45 வைத்தால் வகுத்து வருவது 5.08, முழு எண்ணை ஒட்டிவிடுகிறது. அதனால்தான் 'வழக்கமா 45 தான் போடுவோம்' என்ற கடையில் சில நேரம் வரும், சில நேரம் வராது.

இரண்டாவது எண்: கோணம்

மெஷ் நூல் 0 டிகிரியிலும் 90 டிகிரியிலும் ஓடுகிறது. நூல்கள் சேர்ந்து உண்டாக்கும் சதுரங்களின் மூலைவிட்டம் 45 டிகிரி. ஆகவே 0, 45, 90 மூன்றுமே ஆபத்தான கோணங்கள். ஆஃப்செட்டில் கருப்புக்கு 45 டிகிரி வைப்பார்கள். அங்கே மெஷ் கிடையாது, அதனால் பிரச்சினை இல்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே ஸ்கிரீனுக்குக் கொண்டுவந்தால் வம்புதான்.

ஒரே கலர் என்றால் 22.5 டிகிரி. 0-க்கும் 45-க்கும் சரியாக நடுவில் இருப்பதால் நூலிலிருந்தும் மூலைவிட்டத்திலிருந்தும் எட்டி நிற்கிறது. மூன்று நான்கு தனித்தனி மைகள், ஒன்றன்மேல் ஒன்று அதிகம் ஏறாது என்றால், எல்லாவற்றுக்கும் 22.5 வைக்கும் வழக்கமும் உண்டு.

நான்கு கலர் வேலை வேறு. புள்ளிக் கட்டத்தை 90 டிகிரி திருப்பினால் பழையபடியே இருக்கும். அதனால் நமக்குக் கிடைக்கும் இடமே 90 டிகிரிதான். அதற்குள் 30 டிகிரி இடைவெளியில் மூன்று கலர்தான் உட்காரும். நான்காவதுக்கு இடமில்லை. கண்ணுக்கு மிக மங்கலாகத் தெரியும் மஞ்சளை 15 டிகிரி இடைவெளியில் நுழைக்கிறார்கள். ஆஃப்செட்டில் சியான் 15, மெஜந்தா 75, மஞ்சள் 0, கருப்பு 45 என்பது இப்படி வந்ததுதான். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மெஷ்ஷிலிருந்தும் தப்ப வேண்டும். ஆகவே சியான் 22.5, மெஜந்தா 52.5, கருப்பு 82.5, மஞ்சள் 7.5 என்று வைக்கிறார்கள். நான்குமே 0, 45, 90 ஆகியவற்றிலிருந்து குறைந்தது 7.5 டிகிரி விலகி நிற்கும்.

மூன்றாவது எண்: துணியின் இழை

பத்தமடைக் கோரைப் பாயில் மணமக்கள் பெயரை நெசவிலேயே கொண்டுவந்துவிடுவார்கள். பெயரும் நெசவும் ஒன்றாகவே பிறப்பதால் மோதல் இல்லை. துணிப்பையில் நெசவு முதலிலேயே முடிந்துவிட்டது. அதன் மேல் நாம் வேறொரு கட்டத்தைக் கொண்டுபோய் வைக்கிறோம்.

பைக்குப் பயன்படும் கெட்டிப் பருத்தித் துணிகளில் அங்குலத்துக்கு 40 முதல் 60 இழை என்பது சாதாரணம். நாம் வைக்கும் எல்.பி.ஐ.யும் கிட்டத்தட்ட அதே எண்தான்! 60 இழைத் துணியில் 55 எல்.பி.ஐ. நேராக விழுந்தால் வித்தியாசம் 5. அங்குலத்துக்கு 5 பட்டை, அதாவது 5 மில்லிமீட்டருக்கு ஒன்று. வெள்ளைத் தாளில் அடித்துப் பார்த்தபோது சுத்தமாக இருந்த படம், பையில் அடித்ததும் கெட்டுப்போவதற்குக் காரணம் இதுதான்.

நெசவாளர்கள் இழை எண்ணப் பயன்படுத்தும் சின்ன பூதக்கண்ணாடி ஒன்று கடையில் இருந்தால் நல்லது. ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்று எண்ணுங்கள். அந்த எண்ணிலிருந்து எல்.பி.ஐ.யை நன்றாக விலக்கி வையுங்கள். 55–60 இழைத் துணிக்கு 35 எல்.பி.ஐ. பாதுகாப்பு. 22.5 டிகிரி கோணமும் துணியை நேராக வைத்து அடிப்பதும் துணை செய்யும். முதலில் ஒரு வெள்ளை மைப் பூச்சு கொடுத்து, நெசவின் மேடு பள்ளத்தை நிரப்பி, அதைக் காயவைத்து, மேலே படத்தை அடித்தால் இன்னும் சுத்தமாக வரும். மஞ்சள் பையில் முகம் மஞ்சள் காமாலை போலத் தெரியாமல் இருக்கவும் அதே வெள்ளை உதவும்.

படத்திலேயே புள்ளி இருந்தால்?

நாம் தொடக்கத்தில் பார்த்த கல்யாணப் பத்திரிகைக்கு வருவோம். அதில் இருப்பது புகைப்படம் அல்ல, ஆஃப்செட் புள்ளிகள். அதை ஸ்கேன் செய்து மறுபடி ஹாஃப்டோன் போட்டால் புள்ளிமேல் புள்ளி. மெஷ், கோணம், துணி மூன்றும் சரியாக இருந்தாலும் மோயரே வரும்.

முதல் வழி, அசல் படத்தைக் கேட்டு வாங்குவது. பத்திரிகை டிசைன் செய்தவரிடமோ, போட்டோகிராபரிடமோ இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும். கம்ப்யூட்டர் திரையை செல்போனில் எடுத்து அனுப்பிய படத்தை ஏற்காதீர்கள். அதில் மோயரே ஏற்கெனவே குடியிருக்கும்.

அசல் இல்லவே இல்லை, தாத்தா படம் பழைய நாளிதழ்த் துண்டில் மட்டும்தான் இருக்கிறது என்றால்? 600 டி.பி.ஐ. அல்லது அதற்கு மேல் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனரில் 'டீஸ்கிரீன்' வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஃபோட்டோஷாப்பில் புள்ளி கரையும் அளவுக்கு மட்டும் லேசாக மங்கலாக்கி, அளவைக் குறைத்து, பிறகு கூர்மையாக்குங்கள். கொஞ்சம் விவரம் போகும். ஆனால் முகம் முகமாக இருக்கும்.

கம்ப்யூட்டரில் செய்யும் முறை

சின்னக் கடைகளில் லேசர் பிரிண்டரில் டிரேசிங் பேப்பர் அல்லது ஃபிலிம் எடுப்பதே வழக்கம். எளிய வழி இது: ஃபோட்டோஷாப்பில் படத்தை, அச்சில் வரப்போகும் சரியான அளவுக்குக் கொண்டுவாருங்கள். 'கிரேஸ்கேல்' ஆக மாற்றுங்கள். பிறகு 'பிட்மேப்' ஆக மாற்றும்போது 'ஹாஃப்டோன் ஸ்கிரீன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்.பி.ஐ., கோணம், புள்ளி வடிவம் மூன்றும் கேட்கும். வெளியீடு உங்கள் பிரிண்டரின் உண்மையான டி.பி.ஐ.யாக இருக்கட்டும். நீள்வட்டப் புள்ளி வைத்தால் நடுத்தர நிழல்களில் திடீர்க் கருமை குறையும்.

இதன் பிறகு கவனிக்க வேண்டியது ஒன்று: புள்ளியாக மாற்றிய படத்தை ஒருபோதும் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கூடாது. கோரல் டிராவில் வைத்து மூலையைப் பிடித்து இழுப்பது, பிரிண்ட் கொடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' என்று விடுவது, இரண்டுமே புது மோயரேவை உண்டாக்கும். நூறு சதவீத அளவில்தான் எடுக்க வேண்டும்.

எல்.பி.ஐ.யை ஏற்றினால் படம் துல்லியமாகும் என்று ஆசைப்படவும் கூடாது. 600 டி.பி.ஐ. பிரிண்டரில் 55 எல்.பி.ஐ. வைத்தால் ஏறக்குறைய 120 சாம்பல் படிகள் கிடைக்கும். 85 வைத்தால் 50 படிகள்தான். கன்னத்தின் நிழல் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும்.

மிகச் சிறிய புள்ளிகளையும் நம்ப வேண்டாம். 55 எல்.பி.ஐ.யில் 3 சதவீதப் புள்ளியின் விட்டம் 0.09 மில்லிமீட்டர். 120 டி மெஷ்ஷில் நூலுக்கு நூல் தூரம் 0.083 மில்லிமீட்டர். அந்தப் புள்ளி ஒரு நூல் முடிச்சின் மேல் விழுந்தால் காணாமல் போய்விடும். பக்கத்து ஓட்டையில் விழுந்தால் அச்சாகும். இப்படி வந்தும் வராமலும் உண்டாகும் வரிசைதான் நெற்றியிலும் கன்னத்து வெளிச்சத்திலும் தெரியும் அலை. 10 சதவீதத்துக்குக் கீழே உள்ள நிறத்தை வெள்ளையாக விட்டுவிடுவது, அல்லது 10 ஆக உயர்த்துவது நல்லது.

ஒரு நிமிட சோதனை

எமல்ஷன் பூசுவதற்கு முன், கழுவி உலர்ந்த ஸ்கிரீனை வெளிச்ச மேஜை மேல் வையுங்கள். மேஜை இல்லையென்றால் பகல் வெளிச்சம் வரும் ஜன்னல் போதும். ஃபிலிமை மெஷ் மேல் படிய வைத்துப் பாருங்கள். அலை தெரிந்தால் ஃபிலிமை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் அலை சுருங்கி மறையும். எத்தனை டிகிரி திருப்பினீர்களோ அதைக் கணக்கில் சேர்த்துப் புதிய ஃபிலிம் எடுக்கலாம். ஃப்ரேம் பெரியதாக இருந்தால் ஃபிலிமை அதே சாய்வில் ஒட்டி, பையைச் சாய்த்து வைத்தும் அடிக்கலாம்.

இந்தச் சோதனை எச்சரிக்கை மட்டுமே, தீர்ப்பு அல்ல. ஃபிலிமில் லேசாகத் தெரிந்தது அச்சில் வராமல் போகலாம். எமல்ஷன் கனமாக, சமமாகப் படிந்திருந்தால் நூலின் தாக்கம் குறையும். துணியின் நெசவால் வரும் மோயரே இந்தச் சோதனையில் தெரியவே தெரியாது. அதனால் முதல் பையை உண்மையான துணியில் உண்மையான மையில் அடித்து, காயவைத்து, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றில் கை வையுங்கள்.

மரச் சட்டம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் சட்டம் ஈரம் குடித்து மெஷ் தளர்ந்துவிடும். தளர்ந்த மெஷ்ஷில் நூல் கோணலாகி, ஒரே ஸ்கிரீனில் ஓர் ஓரம் சுத்தமாகவும் மறு ஓரம் அலையாகவும் வரும். விரலால் தட்டிப் பார்த்துத் தொய்வு இருந்தால் புகைப்பட வேலைக்கு அந்த ஸ்கிரீனை எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் எமல்ஷன் முழுதாகக் காயாவிட்டால் சிறிய புள்ளிகள் கழுவும்போதே போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடிக்கும்போது வந்துவிட்டால்?

ஸ்குவீஜியை அழுத்துவது, மையை இளக்குவது, இரண்டு முறை இழுப்பது எதுவும் மோயரேவை எடுக்காது. புள்ளி பரவி, அலை மட்டும் தடித்துத் தெரியும். நிறுத்துங்கள். வேறு கோணத்திலோ வேறு எல்.பி.ஐ.யிலோ புது ஃபிலிம் எடுத்து ஸ்கிரீனை மறுபடி போடுவதுதான் வழி. ஒரு ஃபிலிம், கொஞ்சம் எமல்ஷன், சில மணி நேரம். 300 பை துணியோடு ஒப்பிட்டால் மலிவு.

எப்படி முயன்றும் தீராத துணிக்குக் கடைசி வழி ஒன்று இருக்கிறது: வரிசையே இல்லாத புள்ளி. ஃபோட்டோஷாப்பில் அதே 'பிட்மேப்' பகுதியில் 'டிஃப்யூஷன் டிதர்' என்று இருக்கும். இதில் புள்ளிகளின் அளவு ஒன்றேதான். நிழலில் நெருக்கமாகவும் வெளிச்சத்தில் விலகியும், ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். ஒழுங்கு இல்லாததால் மோதுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் 600 டி.பி.ஐ.யில் வைத்தால் புள்ளி மெஷ்ஷில் நிற்காத அளவுக்குப் பொடியாகிவிடும். 150 முதல் 200 டி.பி.ஐ. அளவில் வையுங்கள். படம் கொஞ்சம் மணல் தூவியது போல இருக்கும். ஆனால் அலை இருக்காது.

ஆர்டர் கொடுப்பவர்கள் கேட்க வேண்டியவை

பை அச்சடிக்கக் கொடுப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பத்திரிகையைக் கொடுக்காமல் அசல் போட்டோவைக் கொடுங்கள். வெளிச்சமும் நிழலும் தெளிவாகப் பிரிந்த படமாக இருக்கட்டும். பட்டுச் சேலையின் சிறு கட்டமும் நெருக்கமான கோட்டுச் சட்டையும் படத்திலேயே ஒரு வரிசைதான். அந்த இடத்திலும் அலை வரலாம். மாதிரிக்கு ஒரு பை அடித்துக் காட்டச் சொல்லி, பார்த்த பிறகு மீதியை அடிக்கச் சொல்லுங்கள். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் கொண்டுபோய்க் கொடுத்தால் மாதிரிக்கு நேரமே இருக்காது.

கடைக்காரர்களுக்கு ஒரே ஒரு பழக்கம் போதும். ஒவ்வொரு ஃப்ரேமின் ஓரத்திலும் அழியாத பேனாவால் மெஷ் எண்ணை எழுதி வையுங்கள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் எல்.பி.ஐ., கோணம், துணியின் இழை, எப்படி வந்தது என்று ஒரு நோட்டில் நாலு வரி குறித்து வையுங்கள். அடுத்த கல்யாண சீசனில் அதே துணி வரும்போது, 'போன தடவை எப்படிப் போட்டோம்?' என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.